உரோமானிய நாணயங்களில் வெட்டுக்குறிகள்: நொய்யல் சமவெளியை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் கிடைத்த உரோமானிய நாணயங்களுள் ஒரு பகுதி, அக்கசாலையை விட்டு வெளியேறிய பின்னர் மனிதக் கையால் மாற்றம் பெற்றவை. பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டவை, சிறு முத்திரை குத்தப்பட்டவை, அணிகலனுக்காகத் துளையிடப்பட்டவை என அவை வேறுபடுகின்றன. இவற்றுள் வெட்டுக்குறி எதற்காக இடப்பட்டது என்பது நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. எண்ணிக்கையால் ஏற்கப்பட்ட காசு எடையால் ஏற்கப்படும் உலோகமாக மாற்றப்பட்டதன் அடையாளமே அது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அக்கருத்தைச் சோதிக்கத் தனி நாணயம் உதவாது, குவியல் முழுமையாகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும், உலோகம் கண்டறியும் கருவிகளின் பரவலும் நடைமுறையிலுள்ள புதையல் சட்டமும் அத்தகைய பதிவுக்கு எவ்வாறு தடையாகின்றன என்பதையும் நொய்யல் சமவெளிச் சான்றுகளின் வழி எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: உரோமானிய நாணயங்கள், வெட்டுக்குறி, வெள்ளலூர், நொய்யல், வண்ணக்கன், புதையல் சட்டம் 1878

முன்னுரை

கோயம்புத்தூரின் உக்கடத்திலிருந்து ஒரு சாலை மேற்கே பாலக்காட்டுக் கணவாயை நோக்கியும் மற்றொன்று தெற்கே பொள்ளாச்சியை நோக்கியும் செல்கின்றன. அருகில் நொய்யல் நீரைத் தேக்கும் பெரியகுளம் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாக அரபிக்கடற்கரையைக் கொங்கின் உள்நாட்டோடு இணைத்த பழைய வழி இவ்வட்டாரத்தையே தொட்டுச் சென்றது. முசிறியில் இறங்கிய பண்டம் கருவூரை அடைய இதனினும் எளிய தரைவழி இல்லை. உக்கடத்திலிருந்து தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் வெள்ளலூர் இருக்கிறது. இன்று அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் கோவை மக்களுக்கு மாநகராட்சிக் குப்பைக் கிடங்கே நினைவுக்கு வருகிறது. நாணயவியலாளருக்கோ அது இந்தியாவின் குறிப்பிடத்தக்க உரோமானிய நாணயப் புதையல்கள் வெளிப்பட்ட ஊர்.

வெள்ளலூரில் 1842இல் ஒரே குவியலாக 522 வெள்ளித் தெனாரியஸ் நாணயங்கள் கிடைத்தன. 1891இலும் 1931இலும் அதே ஊரில் மேலும் குவியல்கள் வெளிப்பட்டன. பொள்ளாச்சி, உடுமலை வட்டத்துப் பூதிநத்தம், கொடுமணலுக்கு அருகிலுள்ள கத்தாங்கண்ணி, கரூர் என இப்பட்டியல் நீளும். பூதிநத்தத்தில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் நாணயங்களே இக்குவியல்களில் மிகுந்து காணப்படுகின்றன. இராபர்ட் சீவெல் 1904இல் இந்தியாவில் கிடைத்த உரோமானிய நாணயங்களைத் தொகுத்தபோதும், பௌலா டர்னர் 1989இல் அதனை விரிவாக மறுஆய்வு செய்தபோதும் கொங்குப் பகுதி தனித்த கவனம் பெற்றது.

இந்நாணயங்களைக் கொண்டு வணிகத்தின் அளவையும் காலத்தையும் கணிக்கும் ஆய்வுகள் பல வந்துள்ளன. அவை பெரும்பாலும் நாணயத்தில் உரோமில் பொறிக்கப்பட்டதையே படிக்கின்றன. இங்கு வந்த பின் அதன்மீது செய்யப்பட்டதைப் படிக்கும் முயற்சி ஒப்பளவில் குறைவு. ஒரு நாணயத்தின் பிற்கால வாழ்வை அறிய அதன்மீது இடப்பட்ட வெட்டும் துளையும் முத்திரையுமே நேரடிச் சான்றுகள்.

மாற்றம் பெற்ற நாணயங்களின் வகைகள்

மாற்றங்களை ஒரே தட்டில் வைத்தல் பிழை. துளையிடுதலும் வெட்டுதலும் எதிரெதிர் நோக்குடையவை. தென்னிந்தியாவில் கிடைத்த உரோமானியப் பொற்காசுகளிலும் அவற்றைப் பார்த்துச் செய்த போலிகளிலும் முகத்தின் உச்சிக்கு மேலே இரு துளைகள் அடுத்தடுத்து இடப்பட்டிருப்பதைக் காணலாம். நூலில் கோத்துக் கழுத்தில் அணியும்போது முகம் நேராக நிற்க வேண்டும் என்ற எண்ணம் அத்துளைகளின் இடத்திலேயே தெரிகிறது. அணிந்தவர் அம்முகம் யாருடையது என அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அது சிதையாமல் இருப்பதை விரும்பியிருக்கிறார்.

சங்க இலக்கியத்தில் காசு என்னும் சொல் செலாவணிப் பொருளை மட்டுமன்றி அணிகலனில் கோக்கப்படும் பொன்னையும் குறிக்கிறது. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழம், புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் விரல்நுனியில் பிடித்த பொற்காசுக்கு உவமிக்கப்படுகிறது. அல்லூர் நன்முல்லையார் காட்டும் அக்காசு உரோமானியக் காசு எனக் கொள்ளச் சான்றில்லை. எனினும் காசு என்றவுடன் கோக்கப்படும் பொருள் மனத்தில் தோன்றும் ஒரு சமூகத்தில்தான் உரோமானியப் பொன் வந்து சேர்ந்தது என்பதை இது தெளிவாக்குகிறது. இன்றும் வழக்கிலுள்ள காசுமாலையின் பெயரும் அத்தொடர்ச்சியைக் காட்டும்.

இரண்டாம் வகை, சிறு மேல்முத்திரைகள். புள்ளி, பிறை, சக்கரம் போன்ற மிகச் சிறிய குறிகள் நாணயத்தின் பரப்பில் குத்தப்பட்டிருக்கும். இவை தென்னிந்திய வெள்ளி நாணயங்களில் காணப்படுவதில் வியப்பில்லை. உரோமானிய வெள்ளி வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பிருந்தே இந்தியாவில் முத்திரைக் காசுகள் புழங்கின. அவற்றின் பின்புறத்தில் காசைச் சோதித்தவர்கள் குத்தியதாகக் கருதப்படும் நுண்குறிகள் நிறைந்திருக்கும். நாணயத்தின் பரப்பு அதை வெளியிட்டவருக்கு மட்டுமே உரியதன்று, கைமாறும்போது சோதித்தவரும் அதில் குறியிடலாம் என்பது இங்கு நிலைபெற்றிருந்த வழக்கம். உரோமானிய நாணயத்தின் மீதும் அவ்வழக்கமே தொடர்ந்தது.

மூன்றாம் வகையே இக்கட்டுரையின் பொருள். நாணயத்தின் முன்புறத்தில், பேரரசரின் தலைக்குக் குறுக்கே, கூரிய உளியாலோ கத்தியாலோ இடப்பட்ட ஆழமான வெட்டு. பெரும்பாலும் ஒரே வெட்டு. அது நாணயத்தை இரண்டாகப் பிளப்பதில்லை. உலோகம் எதுவும் அகற்றப்படாததால் எடையும் குறைவதில்லை. நாணயத்தின் விளிம்பைச் சுரண்டிப் பொன்னைத் திருடும் செயலிலிருந்து இது முற்றிலும் வேறுபட்டது.

புதுக்கோட்டைக் குவியல்

வெட்டுக்குறியைப் பற்றிய விவாதம் கொங்கில் தொடங்கவில்லை. 1898இல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவ்வாண்டே ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து இலண்டன் நாணயவியல் இதழில் வெளியிட்டார். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அதில் இருந்தன. ஆகவே குவியல் மண்ணுக்குள் சென்றது கி.பி. 69க்குப் பின்னரே ஆகும். அக்காசுகளுள் மிகப் பெரும்பாலானவை முகத்தின் குறுக்கே வெட்டுண்டவை. வெட்டுப்படாதவை சிறுபான்மை. ஒரு பகுதி பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

வெள்ளியிலும் வெட்டு உண்டு. இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளியில் 1,500க்கும் மேற்பட்ட தெனாரியஸ் நாணயங்கள் கிடைத்தன. அவற்றுள் பல வெட்டும் மேல்முத்திரையும் பெற்றவை. அக்குவியலையும் பிற ஆந்திரக் குவியல்களையும் பி. எல். குப்தா 1965இல் நூலாக வெளியிட்டார். ஆனால் வெட்டின் விகிதம் என்று பார்த்தால் புதுக்கோட்டைக்கு இணையாக மற்றொன்றைக் காட்டுவது எளிதன்று.

முன்வைக்கப்பட்ட விளக்கங்கள்

வெட்டு ஒரு தரச்சோதனை என்பது முதல் விளக்கம். மேலே வெள்ளியும் உள்ளே செம்பும் உள்ள போலிகளைக் கண்டறிய நாணயத்தை வெட்டிப் பார்ப்பது பழைய உலகில் பரவலான பழக்கம். ஏதென்ஸ் நகரின் ஆந்தை நாணயங்கள் எகிப்திலும் மேற்காசியாவிலும் இவ்வாறு வெட்டப்பட்டுள்ளன. ஆனால் சோதனைக்கான வெட்டு எங்கும் விழலாம். விளிம்பில் விழுந்தாலும் போதும், பின்புறத்தில் விழுந்தாலும் போதும். தென்னிந்திய வெட்டு தலையைத் தேடிச் சென்று விழுகிறது. மேலும், பொன்னின் தரத்தை அறிய உரைகல் உண்டு. உரைத்துப் பார்க்கத் தெரிந்த கைக்கு உளி தேவையில்லை. ஆகவே இவ்விளக்கம் வெள்ளிக்கு ஓரளவு பொருந்தலாம். பொன்னுக்குப் பொருந்தாது.

இரண்டாவது விளக்கம் அரசியல் சார்ந்தது. அயல் வேந்தன் ஒருவனின் முகம் தன் நாட்டில் புழங்குவதை உள்ளூர் ஆட்சி விரும்பவில்லை, எனவே அதைச் சிதைத்தது என்பது. கேட்பதற்குக் கவர்ச்சியான விளக்கம். நாட்டுப்பற்று மிக்க எழுத்துகளில் இது அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆனால் இதே தமிழகத்தில் சேர வேந்தர் தம் காசில் முகத்தைப் பொறித்தபோது உரோமானிய மாதிரியையே பின்பற்றினர். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை ஆகிய பெயர்கள் பொறித்த வெள்ளிக் காசுகள் அதற்குச் சான்று. முகத்தைப் பொறிக்கும் முறையை ஏற்றுக்கொண்ட பண்பாடு, முகம் இருப்பதற்காகவே காசை வெட்டியது என்பது பொருந்தவில்லை. அத்துடன், ஒரே குவியலில் வெட்டப்பட்ட அகஸ்டஸும் வெட்டப்படாத அகஸ்டஸும் அருகருகே இருப்பதை இவ்விளக்கத்தால் எதிர்கொள்ள முடியாது. செனட் அவையின் வெறுப்புக்கு ஆளான பேரரசரின் நினைவை அழிக்கும் உரோமானிய வழக்கத்தோடு இதை இணைப்பதும் இதே காரணத்தால் தோற்கிறது. போற்றப்பட்ட அகஸ்டஸும் தூற்றப்பட்ட நீரோவும் ஒரே உளிக்கு இரையாகியுள்ளனர்.

மூன்றாவது விளக்கமே வலுவுடையது. வெட்டு, நாணயத்தைச் செலாவணியிலிருந்து விலக்கியதன் குறி. தேய்ந்தும் எடை குறைந்தும் போன காசு முழு மதிப்புக்கு ஏற்கப்படக் கூடாது என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும். தலையின் குறுக்கே விழும் வெட்டைவிட வெளிப்படையான அறிவிப்பு இல்லை. மோர்டிமர் வீலர் போன்றோர் இந்தியாவில் உரோமானியக் காசு உலோகக் கட்டியாகவே எடையிட்டு ஏற்கப்பட்டது என்று கருதினர். ஆனால் எல்லாக் காசும் தொடக்கத்திலிருந்தே வெறும் உலோகமாக இருந்திருந்தால் சிலவற்றை மட்டும் வெட்ட வேண்டிய தேவை எழுந்திராது. எண்ணிக்கையால் ஏற்கும் வழக்கமும் எடையால் ஏற்கும் வழக்கமும் ஒருசேர நிலவிய இடத்தில்தான் எது எந்த வகை எனப் பிரித்துக்காட்டும் குறி பயன்படும். வெட்டுக்குறியின் இருப்பே அவ்விரட்டை வழக்கத்துக்குச் சான்றாகிறது.

எடையும் முகமும்

இதனை அக்காலச் செய்தி ஒன்று மறைமுகமாக வலுப்படுத்துகிறது. முதல் நூற்றாண்டின் பிளினி, தாப்ரபனே என்று அவர் குறிப்பிடும் இலங்கையின் வேந்தன், கரையொதுங்கிய உரோமானியர் ஒருவரிடமிருந்த தெனாரியஸ் நாணயங்களைக் கண்டு வியந்ததாக எழுதுகிறார். நாணயங்களில் வெவ்வேறு தலைகள் இருந்தன. அதாவது வெவ்வேறு ஆட்சியாளர் வெளியிட்டவை. எனினும் எடை ஒன்றாகவே இருந்தது. அதுவே வேந்தனின் நம்பிக்கையைப் பெற்றது. பிளினியின் நோக்கம் உரோமின் நேர்மையைப் புகழ்வது என்பதால் செய்தியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தென்னாசியாவில் உரோமானியக் காசின் மதிப்பு மாறாத எடையைச் சார்ந்து நின்றது என்பது வணிகரிடையே அறியப்பட்ட செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

அவ்வெடை கி.பி. 64 அளவில் மாறியது. நீரோவின் சீர்திருத்தத்தால் ஓர் உரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்த இடத்தில் 96 அடிக்கப்பட்டன. ஒரு தெனாரியஸ் ஏறத்தாழ 3.9 கிராமிலிருந்து 3.4 கிராமுக்கு இறங்கியது. பொற்காசும் பவுண்டுக்கு 45 என்ற கணக்கில் ஏறத்தாழ 7.3 கிராமாகக் குறைந்தது. கொங்குக் குவியல்களில் நீரோவுக்கு முற்பட்ட வெள்ளியே நிறைந்திருப்பதை டேவிட் மெக்டவல் உள்ளிட்ட நாணயவியலாளர் இந்தச் சீர்திருத்தத்தோடு இணைத்தே பேசியுள்ளனர். முற்பட்ட காசுகளிலும் குறிப்பிட்ட இரு அச்சுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, அகஸ்டஸின் பேரன்களான கையஸ், லூசியஸ் இருவரும் கேடயத்துடன் நிற்கும் லியோன் நகரத்து நாணயம். மற்றொன்று, டைபீரியஸ் வெளியிட்ட, பின்புறத்தில் அமர்ந்த பெண்ணுருவம் கொண்ட நாணயம். பழகிய அச்சு, தெரிந்த எடை. எண்ணி வாங்கும் வழக்கம் நிலவுவதற்கு இதைவிடத் தகுந்த சூழல் இருக்க முடியாது.

புதுக்கோட்டைக் குவியல் அடங்கியது இந்தச் சீர்திருத்தத்துக்குப் பின் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். கனமான பழைய பொன்னும் இலேசான புதிய பொன்னும், தேய்ந்ததும் தேயாததும் கலந்து வரத் தொடங்கியபோது எண்ணிக்கை நம்பகம் இழக்கிறது. யாரோ ஒருவர் அல்லது ஓர் அமைப்பு பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிரித்தவற்றில் மிகுதியானவை எடைப் பொன்னாக ஒதுக்கப்பட்டு வெட்டுப் பெற்றன, சில தப்பின என்று கொள்ளும்போது ஒரே பானையில் இருவகைக் காசும் இருப்பதற்குப் பொருள் கிடைக்கிறது.

பிரித்தவர் யார்? சங்கப் புலவர் பெயர்களில் ஒரு குறிப்பு இருக்கிறது. வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்னும் பெயர்களில் வரும் வண்ணக்கன் என்பது நாணயத்தின் தரத்தைச் சோதிப்பவனைக் குறிக்கும் தொழிற்பெயர். ஊர்ப்பெயர் சேர்ந்து வருவதால், அத்தொழில் புரிந்தோர் பல ஊர்களில் அறியப்பட்டவர்களாக இருந்தனர் எனலாம். கரூருக்கு அருகிலுள்ள புகழூர் ஆறுநாட்டார் மலையின் தமிழி கல்வெட்டு ஒன்று, கருவூரைச் சேர்ந்த பொன்வாணிகன் நத்தி என்பவன் சமணத் துறவிக்குப் படுக்கை அமைத்ததைப் பதிவுசெய்கிறது. காசைச் சோதிப்பவனும் பொன்னை விற்பவனும் தனித்தனித் தொழிற்பெயரோடு வாழ்ந்த சமூகம் இது. உளியை ஏந்தியவன் வண்ணக்கன்தான் என இப்பெயர்கள் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் எந்தக் காசு காசாகும், எது வெறும் பொன்னாகும் என முடிவுசெய்யும் தகுதி பெற்றவர்கள் இருந்தனர் என்பதை மெய்ப்பிக்கின்றன. வெட்டு அரச ஆணையால் மட்டுமே நிகழ்ந்திருக்க முடியும் என்ற முன்முடிவுக்கு இனி இடமில்லை.

வெட்டைப் படிக்கும் முறை

மேற்கண்ட கருத்து சோதனைக்கு உட்பட்டதே. எடை குறைந்தவையே வெட்டப்பட்டன என்றால், ஒரே குவியலில் வெட்டுப்படாத காசுகளின் சராசரி எடை வெட்டுண்டவற்றின் சராசரியை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். வெட்டிய பின் காசு புழக்கத்தில் இருந்ததா என்பதை வெட்டின் விளிம்பே சொல்லும். உளி இறங்கும்போது இருபுறமும் உலோகம் சற்றே பிதுங்கி எழும். அவ்வெழுச்சி கூராக இருந்தால், வெட்டிய சில காலத்திலேயே காசு புதைக்கப்பட்டது. மழுங்கியிருந்தால், வெட்டுண்ட பின்னும் பல கைகள் மாறியது. முதலாவது நிலை எடைப்பொன் என்ற கருத்துக்கு ஏற்றது. இரண்டாவது நிலை பொதுவாகக் காணப்படின் இக்கட்டுரையின் கருத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

பழைய வெட்டையும் புதிய காயத்தையும் வேறுபடுத்துவதும் இதே போன்றது. வெள்ளியில் பழைய வெட்டின் அடியில் கறையும் மண்படிவும் பரப்பில் உள்ளதைப் போலவே இருக்கும். ஏர்க்கொழுவாலோ மண்வெட்டியாலோ அண்மையில் பட்ட காயம் பளிச்சென்று தெரியும். பொன்னில் கறை பிடிப்பதில்லை. ஆகவே பள்ளத்தில் ஒட்டியுள்ள மண்ணே சான்று. கண்டெடுத்தவுடன் புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்த்துக் கழுவும் வழக்கம் அந்தச் சான்றைச் சில நிமிடங்களில் அழித்துவிடுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு நல்லது செய்யும் புளி, தொல்பொருளுக்குச் செய்வது கேடு.

கருவியும் சட்டமும்

பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் கொங்குப் புதையல்கள் பெரும்பாலும் உழவிலும் மண்வேலையிலும் தற்செயலாக வெளிப்பட்டன. பின்னர் கரூர் அமராவதியில் மணல் சலித்துக் காசு தேடுவது ஒரு பிழைப்பாகவே மாறியது. அவ்வாறு கிடைத்தவற்றை விலைகொடுத்து வாங்கிப் பதிப்பித்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் பணி இல்லையேல் சங்ககாலச் சேரர் காசுகள் பல உருக்குலையில் மறைந்திருக்கும். இன்று உலோகம் கண்டறியும் கருவியை இணையத்தில் எவரும் வாங்கலாம். கருவி உலோகம் இருப்பதைச் சொல்லும். அதைச் சுற்றியிருந்த பானையையோ, பானை இருந்த மண்ணடுக்கையோ அது சொல்வதில்லை. ஒலி எழுந்த இடத்தில் குழி தோண்டி ஒரு காசு எடுக்கப்படும்போது, குவியலின் விகிதம் என்ற சான்று உடைகிறது. வெட்டுக்குறி ஆய்வுக்கு அவ்விகிதமே உயிர்நிலை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேகரிப்பாளர் சந்தையில் முகம் தெளிவான காசுக்கு விலை அதிகம். வெட்டுண்ட காசு பழுதானதாகக் கருதப்பட்டு முதலில் உருக்கப்படும் வாய்ப்புள்ளது. சந்தை வழியாக எஞ்சும் நாணயங்களைக் கொண்டு வெட்டின் விகிதத்தைக் கணிப்பவர், உண்மையை விடக் குறைந்த எண்ணையே பெறுவர்.

சட்டம் இதைத் தடுக்கிறதா? 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் அதன் தன்மை, அளவு அல்லது தோராய மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் தம் பங்கை இழப்பதுடன் ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. புதையலை அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், சட்டத்தின் 16ஆம் பிரிவு ஓர் அளவுகோலை வகுக்கிறது. அதிலுள்ள உலோகத்தின் மதிப்பையும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவர்களுக்குத் தர வேண்டும். அகஸ்டஸின் பொற்காசாயினும் அது எத்தனை கிராம் பொன் என்பதே கேள்வி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உளி செய்த மதிப்பீட்டையே சட்டமும் செய்கிறது. சந்தை அதே காசுக்குப் பன்மடங்கு தர முன்வரும்போது, அறிவிக்காமல் விற்பதற்கே சட்டம் தன்னையறியாது தூண்டுதலாகிறது.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சந்தை மதிப்பை அளவுகோலாகக் கொண்டது. 1997இல் தொடங்கிய கையடக்கத் தொல்பொருள் பதிவுத் திட்டம், கருவியால் தேடுவோர் தாமாகவே முன்வந்து ஒற்றைக் காசையும் கண்டெடுத்த இடத்துடன் பதிவுசெய்ய வழிவகுத்தது. வளைக்கப்பட்ட, துளையிடப்பட்ட, வெட்டப்பட்ட காசுகள் அப்பதிவில் தனிக் குறிப்புடன் இடம்பெறுகின்றன. அம்முறையை இங்கு அப்படியே நட்டுவிட முடியாது. கருவித் தேடலுக்கு அங்கீகாரம் அளிப்பது கொள்ளைக்குக் கதவு திறப்பதாகும் என்ற தொல்லியலாளரின் அச்சம் நியாயமானது. ஆயினும் இழப்பீட்டின் அளவுகோலைத் திருத்துவதற்கும் கருவித் தேடலை அனுமதிப்பதற்கும் தொடர்பில்லை. முன்னதைப் பின்னதில்லாமல் செய்யலாம்.

நொய்யல் சமவெளியில் இன்று மண் பெருமளவில் இடம்பெயர்கிறது. பொலிவுறு நகரத் திட்டத்தின் கீழ் உக்கடம் பெரியகுளத்தின் கரைகள் மாற்றியமைக்கப்பட்டன. குளங்களின் வண்டல் அள்ளப்பட்டு வேறிடம் சேர்க்கப்படுவது கொங்கில் வழக்கமானது. அவ்வண்டலில் ஒரு காசு கிடைத்தால் அது கிடைத்த வயல் அதன் புதைவிடமன்று. ஆற்றுநீர் கொணர்ந்ததாகவும் இருக்கலாம், வண்டி கொணர்ந்ததாகவும் இருக்கலாம். போளுவாம்பட்டியிலும் பேரூரிலும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளும், 1985 முதல் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் பிற நிறுவனங்களும் நடத்திய அகழாய்வுகளும் நொய்யலின் கரைகளில் வாழ்விடங்களும் தொழிற்கூடங்களும் தொடர்ச்சியாக இருந்ததை உறுதிசெய்துள்ளன. ஆகவே எந்தக் குளத்தின் வண்டலையும் வெறும் மண்ணாகக் கருத இயலாது.

புதிய கண்டெடுப்புகளுக்காகக் காத்திராமல் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. வெள்ளலூர், பூதிநத்தம் முதலான குவியல்களின் நாணயங்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பேரரசரின் பெயரையும் அச்சு வகையையும் எண்ணிக்கையையுமே தருகின்றன. ஒவ்வொரு நாணயத்தின் எடை, தேய்வு, வெட்டின் இடமும் திசையும், மேல்முத்திரையின் வடிவம், வெட்டு விளிம்பின் கூர்மை ஆகியவற்றைக் குவியல் வாரியாகப் பதிவுசெய்து, பக்கவாட்டு ஒளியில் இருபுறமும் படமெடுத்து, புதுக்கோட்டைப் பொன்னின் எடைகளோடு ஒப்பிட வேண்டும். கொங்கின் வெள்ளியில் வெட்டு அரிதாகவும் மேல்முத்திரை மிகுதியாகவும் அமையுமானால், இரு உலோகங்களும் இரு வேறு கணக்குகளில் புழங்கின என்ற முடிவுக்கு வரலாம். வெட்டின் விகிதம் குவியலுக்குக் குவியல் மாறினால், பிரித்தெடுக்கும் பணி ஊர்தோறும் தனித்தனியே நடந்தது என்று கொள்ள வேண்டியிருக்கும்.